கோடு போடுவது யார்?

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துப் பொறுமையாகப் படியுங்கள்.

சரக்குக் கப்பலின் வெளிப்பக்கத்தில் ஒரு வட்டமும், அதன் குறுக்கே ஒரு படுக்கைக் கோடும் இருக்கும். பிலிம்சால் கோடு என்பார்கள். கப்பல் வேலைக்குப் போன நம் பையன்களுக்கு நன்றாகத் தெரியும். சரக்கு ஏற ஏறக் கப்பல் தாழும். கோடு முழுகும் அளவுக்கு ஏற்றக் கூடாது. அவ்வளவுதான் விஷயம். ஆனால் அந்த ஒரு கோட்டுக்காக ஒரு மனிதர் பாதி ஆயுளைச் செலவழித்தார்.

அவர் சாமுவேல் பிலிம்சால். 1824இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் பிறந்தவர். லண்டனில் நிலக்கரி வியாபாரம் செய்து நொடித்துப் போனார். கையில் காசில்லாமல் ஏழைத் தொழிலாளிகள் தங்கும் மலிவு விடுதியில் சில காலம் இருந்தார். பிறகு மீண்டு எழுந்து, 1868இல் டார்பி தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரானார்.

அந்தக் காலத்தில் ஓட்டைக் கப்பலிலும் அளவுக்கு மீறிச் சரக்கேற்றி அனுப்புவார்கள். கப்பலின் மதிப்புக்கு மேலேயே காப்பீடு செய்துவிட்டால், அது மூழ்கினாலும் முதலாளிக்கு நஷ்டமில்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட மாலுமி, இந்தக் கப்பலில் ஏறமாட்டேன் என்றால் சிறை. இப்படிப்பட்டவற்றைச் சவப்பெட்டிக் கப்பல் என்றே மக்கள் அழைத்தார்கள். 1873இல் பிலிம்சால் இதைப் புத்தகமாக எழுதினார். முதலாளிகள் அவர்மேல் அவதூறு வழக்குப் போட்டார்கள். எல்லா முதலாளிகளும் அப்படி என்று நினைக்காதீர்கள். இவருக்கு முன்பே கோடு வேண்டும் என்று பேசிய ஜேம்ஸ் ஹால் ஒரு கப்பல் முதலாளிதான்.

1875 ஜூலை 22. கப்பல் மசோதாவைக் கைவிடுவதாகப் பிரதமர் டிஸ்ரேலி அறிவித்தார். பிலிம்சால் கொதித்து எழுந்தார். மாலுமிகளைச் சாவுக்கு அனுப்பும் அயோக்கியர்களின் முகமூடியைக் கிழிப்பேன் என்று சபையில் கத்தினார். ஒரு வாரம் கழித்து மன்னிப்புக் கேட்டார். ஆனால் அதற்குள் நாடே அவர் பக்கம் திரும்பிவிட்டது. அரசு அவசர அவசரமாக ஒரு தற்காலிகச் சட்டம் கொண்டுவந்தது. 1876இல் முழுச் சட்டமும் வந்தது.

பலரும் கதையை இங்கேயே முடித்துவிடுவார்கள். கோபப்பட்டார், வென்றார் என்று. எனக்கு அதில் உடன்பாடில்லை. உண்மையான பாடம் இதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது.

1876 சட்டம் கோடு போடச் சொன்னது. எங்கே போடுவது என்பதை மட்டும் கப்பல் முதலாளியின் விருப்பத்துக்கே விட்டுவிட்டது! ஒரு கேப்டன் புகைபோக்கியில் கோடு வரைந்தார் என்று கேலியாகக் கதை சொல்வதுண்டு. சட்டம் இருந்தது, கோடு இருந்தது, பாதுகாப்பு மட்டும் இல்லை. கோடு எங்கே இருக்க வேண்டும் என்பதை முதலாளியின் கையிலிருந்து எடுத்து விதியாக்கியது 1890ஆம் வருடச் சட்டம்தான். நடுவே 14 வருடங்கள். அந்த இடைவெளியில், 1880இல், மந்திரி ஒருவரால் மாலுமிகளுக்கு அதிகம் செய்ய முடியும் என்று நம்பி, வில்லியம் ஹார்கோர்ட்டுக்காகத் தன் தொகுதியையே விட்டுக்கொடுத்தார் பிலிம்சால். எதிர்பார்த்தது நடக்கவில்லை. சொந்தக் கட்சித் தலைவர்களோடு மனக்கசப்புத்தான் மிச்சம். ஆனாலும் மாலுமிகளுக்காகப் பேசுவதை அவர் விடவில்லை.

கப்பலைப் பற்றி முதலாளியைவிட யாருக்கு அதிகம் தெரியும் என்று அன்றைக்கும் வாதம் செய்தார்கள். இங்கே கட்டுப்பாடு வைத்தால் சரக்கெல்லாம் வெளிநாட்டுக் கப்பலுக்குப் போய்விடும் என்றார்கள். தெரியும் என்பது சரிதான். ஆனால் கூடுதலாக ஏற்றும் ஒவ்வொரு மூட்டைக்கும் லாபம் பார்ப்பவரும் அவர்தானே? லாபம் ஒருவருக்கு, உயிர்ப்பயம் இன்னொருவருக்கு என்றால், லாபம் பார்ப்பவர் கையில் கோட்டைக் கொடுக்கக் கூடாது. 1930இல் பல நாடுகள் சேர்ந்து இந்தக் கோட்டுக்கு ஒப்பந்தம் போட்டன. அதனால் உலக வாணிபம் நின்றா போய்விட்டது?

உங்களில் பலர் இன்று கையெழுத்துப் போடும் இடத்தில் இருக்கிறீர்கள். என்ஜினீயர்கள், அதிகாரிகள், தொழில் நடத்துபவர்கள். ஒரு விதி உங்கள் மேசைக்கு வரும்போது, விதி இருக்கிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள். அளவை நிர்ணயிப்பது யார், சரிபார்ப்பது யார் என்று கேளுங்கள். பெற்றோராக இருப்பவர்களும், பிள்ளை போகும் வேனில் எத்தனை பேரை ஏற்றலாம் என்று முடிவு செய்வது யார் என்று ஒருமுறை விசாரியுங்கள். கோபப்படுங்கள், தப்பில்லை. ஆனால் கோபம் தணிந்த பிறகும் கோடு சரியான இடத்தில் விழும்வரை விடாதீர்கள்.

பிலிம்சால் 1898இல் காலமானார். கப்பலில் இருக்கும் தம்பிகள் யாராவது அந்தக் கோட்டைப் படம் எடுத்துக் கீழே போடுங்கள், மற்றவர்களும் பார்க்கட்டும்.

அன்புடன்,
உங்கள் பழைய வரலாற்று வாத்தியார்