போட்டோ கொடுத்தாச்சு... எதுக்குன்னு கேட்டீங்களா?

நம்ம காலேஜில் ஒவ்வொரு டிபார்ட்மென்ட்டிலும் கேமராவும் கையுமா சுத்துற நாலு பேராவது இருப்பாங்க. சிம்போசியமா, கல்ச்சுரல்ஸா, சொந்தக்காரங்க வீட்டுக் கல்யாணமா, எல்லாத்துக்கும் அவங்களுக்குத்தான் முதல் போன். தை பிறந்தால் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர்னு மூணு நாளும் அலைச்சல். சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்குறதைப் பிடிக்க ராத்திரியே போய் இடம் போட்டுடுவாங்க. லென்ஸ் பற்றிக் கேட்டால் ஒரு மணி நேரம் பேசுவாங்க. "இந்தப் படத்தை யார், எதுக்கு, எவ்வளவு நாள் பயன்படுத்தலாம்?" என்று கேட்டால் மட்டும் சிரிப்புதான் பதில். இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் காசுக்குப் படம் எடுக்கப் போகாதீங்க என்பதுதான் என் கட்சி.

ஒரே ஒரு படத்தை வெச்சுப் பார்ப்போம். அலங்காநல்லூரில் காளையின் திமிலைப் பிடிச்சுத் தொங்குறார் ஒரு மாடுபிடி வீரர். முகம் தெளிவாத் தெரியுது. அந்த வீரரே கேட்டு வாங்கி, பிரேம் போட்டு வீட்டில் மாட்டினால் அது தனிப்பட்ட பயன்பாடு. ஜல்லிக்கட்டு பற்றிய செய்தியோடு ஒரு நாளிதழ் வெளியிட்டால் அது செய்திப் பயன்பாடு. அதே படத்தை ஒரு பனியன் கம்பெனி தன் விளம்பர பேனரில் போட்டால் அது வணிகப் பயன்பாடு. படம் ஒண்ணுதான். ஆனால் மூணுக்கும் விலை வேற, வாங்க வேண்டிய அனுமதியும் வேற.

ஏன் வேற? செய்தி நடந்ததைச் சொல்லுது. விளம்பரமோ அந்த வீரரே பனியனைச் சிபாரிசு பண்ற மாதிரி காட்டுது. அதுக்கு அவர் சம்மதம் வேணும். இது வெறும் நாகரிகம் மட்டும் இல்லை. நக்கீரன் இதழ் ஆட்டோ சங்கரின் வாழ்க்கைக் கதையை வெளியிடுவது பற்றிய வழக்கில், 1994-ல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு பத்திரிகைச் சுதந்திரத்துக்காகப் பேசப்படுகிற ஒண்ணு. ஒருவரின் பெயரையோ உருவத்தையோ சம்மதம் இல்லாமல் விளம்பரத்துக்குப் பயன்படுத்துவது அந்தரங்க உரிமையை மீறுவதாகும் என்றும் அதே தீர்ப்பு சொல்லுது.

படம் எடுத்தவர் அனுமதி கொடுத்துட்டால் போதாதா? போதாது. 2007-ல் அமெரிக்காவின் டெக்சாஸில் ஒருவர் பள்ளி மாணவி ஒருத்தியை எடுத்த படத்தை பிளிக்கரில் போட்டார். பெயர் குறிப்பிட்டால் வணிகத்துக்கும் பயன்படுத்தலாம் என்கிற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில்தான் போட்டிருந்தார். விர்ஜின் மொபைல் நிறுவனம் அதை எடுத்து ஆஸ்திரேலியாவில் கிண்டலான வாசகத்தோடு விளம்பரமாக்கியது. மாணவியின் குடும்பம் வழக்குப் போட்டது. அமெரிக்க நீதிமன்றம், இது எங்கள் அதிகார எல்லைக்குள் வராது என்று வழக்கைத் தள்ளிவிட்டது. நமக்கான பாடம் தெளிவு: படத்தின் உரிமை ஒண்ணு, படத்தில் இருப்பவரின் சம்மதம் இன்னொண்ணு.

இனி காசு விஷயம். நம்ம பசங்க பலருக்கும் தெரியாத இடம் இதுதான். 1957-ம் வருஷப் பதிப்புரிமைச் சட்டத்தில் படத்தை எடுத்தவர்தான் ஆசிரியர். நீங்களா போய் எடுத்த படத்துக்கு நீங்கதான் உரிமையாளர். ஆனால் 17-ம் பிரிவில் ஒரு கொக்கி இருக்கு. ஒருத்தர் கேட்டு, காசும் கொடுத்து எடுக்கப்பட்ட போட்டோவுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதல் உரிமையாளர் காசு கொடுத்தவர்தான்! அதாவது விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடைக்கு ரெண்டாயிரம் ரூபாய்க்கு எடுத்துக் கொடுத்த படத்தை, அவங்க பத்து வருஷம் ஊர் முழுக்க பேனராக் கட்டினாலும் நீங்க கேள்வி கேட்க முடியாது. கல்யாண ஆல்பமும் அப்படித்தான். மாப்பிள்ளை பொண்ணைக் கேட்காமல் உங்க இன்ஸ்டாவில் போடுவதும் தப்பு. ஒரே ஆறுதல் 57-ம் பிரிவு: உரிமை கைமாறினாலும் "இதை எடுத்தது நான்" என்று சொல்லும் உரிமை உங்களை விட்டுப் போகாது.

ஆகவே கேமராவை எடுக்கும் முன்னாடியே பேசி, எழுத்தில் வாங்கிக்கோங்க. ஸ்டாம்ப் பேப்பரில் பத்துப் பக்கம் வேண்டாம். உரிமை யாருக்கு? எந்தப் பயன்பாட்டுக்கு? இன்ஸ்டாவுக்கு மட்டுமா, பேனர், பத்திரிகை விளம்பரத்துக்குமா? எத்தனை மாசத்துக்கு? எந்த ஊருக்கு? வேற யாருக்கும் கொடுக்கக் கூடாதா? இத்தனைக்கும் பதில் ஒரு பக்கத்தில் அடங்கும். ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டால் முடிஞ்சது. எழுதிக் கொடுக்கும்போது காலத்தைக் குறிப்பிடாவிட்டால் 5 வருஷம், இடத்தைக் குறிப்பிடாவிட்டால் இந்தியா முழுக்க என்று சட்டமே எடுத்துக்கும்.

"மதுரையில் இப்படியெல்லாம் கேட்டால் ஆர்டரே வராது ப்ரோ" என்பீங்க. நியாயமான பயம்தான். ரேட் குறைவா பேசுற இன்னொருத்தர் பக்கத்துத் தெருவிலேயே இருப்பார். ஆனால் மொத்தமா எழுதிக் கொடுப்பதும் ஒரு முடிவுதான். தெரிஞ்சே, அதுக்கேத்த விலைக்குக் கொடுத்தால் சரி. தெரியாமல் கொடுப்பதுதான் நஷ்டம்.

இந்தக் கணக்கு நமக்குப் புதுசும் இல்லை. ஆட்டோகேட் மாணவர் உரிமம் இலவசம். அதில் வரைஞ்சு கம்பெனி வேலை செய்யக் கூடாது. அதே மென்பொருள்தான், பயன்பாடு மாறினால் விலை மாறுது. சாஃப்ட்வேருக்கு ஒத்துக்கிற நாம், நம்ம கண்ணும் நேரமும் போட்டு எடுத்த படத்துக்கு ஏன் கேட்கத் தயங்கணும்? அடுத்த தடவை "அந்த போட்டோவை அனுப்புப்பா" என்று யாராவது சொன்னால், அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேளுங்க: "எதுக்குண்ணே?"