பொத்தானை அமுக்கிவிட்டால் உரிமை போய்விடுமா?

2025 அக்டோபர் தொடக்கம், பண்டிகைக்கால விற்பனை சூடுபிடித்திருந்த நேரம். ஆன்லைனில் பொருள் வாங்கிய ஒருவர் தன் பில்லைப் படமெடுத்து வெளியிட்டார். தள்ளுபடி கொடுத்ததற்கு ஒரு கட்டணம், பணத்தைப் பெற்றுக்கொள்வதற்கு ஒரு கட்டணம், பாதுகாப்புக்கு உறுதி தருவதற்கு ஒரு கட்டணம் என்று விலைக்குக் கீழே வரிசையாக ஏறியிருந்தன. பொருள் கைக்கு வரும்போது பணம் கொடுப்பவர்களிடம் கூடுதலாக வாங்குவதாகப் புகார்கள் வந்துள்ளன, விசாரணை தொடங்கிவிட்டது என்று மத்திய நுகர்வோர் விவகார அமைச்சர் பிரல்ஹாத் ஜோஷி அறிவித்தார். இப்படி ஒரு புகார் எழும்போதெல்லாம் கம்பெனி வாய் திறக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போகிறது. அதற்காகப் பேச நம்மிலேயே ஆள் இருக்கிறது. “பில்லைப் பார்த்துவிட்டுத்தானே பணம் கட்டினீர்கள்? பிடிக்கவில்லையென்றால் விட்டிருக்கலாமே? பத்து ரூபாய்க்கு இவ்வளவு சத்தமா?” படித்தவர்கள் சொல்கிறார்கள், கணக்குப் பார்த்துச் செலவு செய்கிறவர்கள் சொல்கிறார்கள், நுகர்வோர் சட்டம் என்று ஒன்று இருப்பதை அறிந்தவர்களும் சொல்கிறார்கள். கடைசிப் பொத்தானை அமுக்கியவனுக்கு அதன்பின் கேட்க உரிமை இல்லை என்ற இந்த நம்பிக்கை சட்டப்படியும் தவறு, நியாயப்படியும் தவறு.

முதலில் அந்தத் திரையைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். பொருளின் பக்கத்தில் பெரிய எழுத்தில் ஒரு விலை. அதை நம்பித்தான் நாம் நாலு கடையை ஒப்பிட்டோம், அளவு பார்த்தோம், நிறம் தேர்ந்தெடுத்தோம். கூடையில் போட்டு, முகவரி கொடுத்து, கூப்பன் இருக்கிறதா என்று தேடி, ஐந்தாவது ஆறாவது திரைக்கு வந்த பிறகுதான் ‘செலுத்த வேண்டிய தொகை’ என்று வேறொரு எண் தெரிகிறது. அதன் ஓரத்தில் சின்னதாக ஒரு அம்புக்குறி. அதைத் தொட்டால்தான் பில் விரியும். விரிந்தால், டெலிவரிக் கட்டணம் அடிக்கப்பட்டுப் பக்கத்தில் பச்சை எழுத்தில் ‘இலவசம்’ என்றிருக்கும். அதற்குக் கீழே, கண்ணில் படாத சாம்பல் நிறத்தில், ஹேண்ட்லிங் சார்ஜ், பிளாட்ஃபார்ம் ஃபீ, ஆர்டர் சிறியதாக இருந்தால் அதற்கொரு கட்டணம், மழை பெய்தால் அதற்கும் ஒன்று. எது பச்சையில் வர வேண்டும், எது சாம்பலில் வர வேண்டும் என்று ஒருவர் உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறார். வாங்குபவர் பார்க்கக் கூடாது என்று வடிவமைத்துவிட்டு, ‘பார்த்துவிட்டுத்தானே கட்டினாய்’ என்று கேட்பதில் என்ன நேர்மை இருக்கிறது?

இந்த வாதத்துக்கு நம் நாட்டிலேயே பதில் சொல்லியாகிவிட்டது. சண்டிகரில் 2019-ல் ஒருவர் பாட்டா கடையில் செருப்பு வாங்கினார். பில் போடும்போது காகிதப் பைக்கென்று 3 ரூபாய் சேர்த்தார்கள். பில் அவர் கையில் இருந்தது, தொகை கண்ணுக்குத் தெரிந்தது, அவரே கொடுத்தார். இன்று நமக்கு உபதேசம் செய்கிறவர்களின் கணக்கில் அவர் ‘சம்மதித்தவர்’. மாவட்ட நுகர்வோர் மன்றம் அந்தக் கணக்கை ஏற்கவில்லை. 3 ரூபாயைத் திருப்பிக் கொடு, இழப்பீடும் வழக்குச் செலவும் கொடு, நுகர்வோர் சட்ட உதவிக் கணக்கில் 5,000 ரூபாய் கட்டு என்றது. மொத்தம் ஏறக்குறைய 9,000 ரூபாய். அடுத்த ஆண்டு டிசம்பரில் பிக் பஜார் தொடர்பான இதே மாதிரி வழக்கில் தேசிய நுகர்வோர் ஆணையம் இன்னும் தெளிவாகப் பேசியது. வாடிக்கையாளர் இந்தக் கடைதான் என்று தீர்மானித்து உள்ளே வந்து, பொருள்களையும் எடுத்து முடித்த பிறகு, பணம் கட்டும் இடத்தில் வைத்துப் பைக்குக் காசு என்று சொல்வது நியாயமற்ற வணிக முறை என்றது. கட்டணம் எவ்வளவு என்பதைவிட, அதை எந்த இடத்தில் சொன்னாய் என்பதே ஆணையத்துக்கு முக்கியமாக இருந்தது. செல்போனில் அந்தக் கவுன்ட்டர்தான் கடைசித் திரை. சண்டிகர்க்காரருக்கு 3 ரூபாயைக் கேட்க உரிமை இருந்தது என்றால், ஹேண்ட்லிங் சார்ஜ் கட்டியவருக்கு ஏன் இல்லை? கவுன்ட்டரில் நிற்கும்போதாவது எதிரே ஒரு மனிதர் இருப்பார், எதற்கு என்று அவரைக் கேட்கலாம். செயலியில் அதுவும் இல்லை.

கடைசியில் சொன்னால் என்ன, முதலில் சொன்னால் என்ன, தொகை ஒன்றுதானே என்பார்கள். ஒன்றல்ல என்பதை விற்பவர்களே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஸ்டப்ஹப் என்ற டிக்கெட் விற்பனைத் தளம் 2015-ல் பல லட்சம் பேரிடம் ஒரு சோதனை நடத்தியது. ஒரு பாதிப் பேருக்குக் கட்டணங்கள் சேர்த்த முழு விலையை ஆரம்பத்திலேயே காட்டினார்கள். மற்றப் பாதிக்குக் கடைசித் திரையில் காட்டினார்கள். கடைசியில் பார்த்தவர்கள் சுமார் 20 சதவீதம் அதிகமாகச் செலவு செய்தார்கள். டிக்கெட்டும் ஒன்று, கட்டணமும் ஒன்று. காட்டிய வரிசை மட்டும் வேறு. அந்த வரிசைக்குள் 20 சதவீதம் ஒளிந்திருக்கிறது என்றால், எந்த வியாபாரி அதை விட்டுக்கொடுப்பான்? வாங்குபவரின் சோம்பலையோ பேராசையையோ குறை சொல்வதில் இங்கே அர்த்தமே இல்லை. நேரத்தைச் செலவழித்து, மனதால் அந்தப் பொருளைத் தனதாக்கிக்கொண்ட எவரும் கடைசி நிமிடத்தில் திரும்பிப் போகத் தயங்குவார்கள். அந்தத் தயக்கத்துக்குத்தான் விலை வைக்கிறார்கள். அதைச் சம்மதம் என்று அழைப்பது அநியாயம்.

சட்டமும் அப்படி அழைக்கவில்லை. 2020-ல் வந்த மின்வணிக விதிகள், விற்பவர் மொத்த விலையை ஒரே தொகையாகக் காட்ட வேண்டும், டெலிவரிக் கட்டணம், பார்சல் கட்டணம், வரி எல்லாவற்றையும் அதற்குள் பிரித்துச் சொல்ல வேண்டும் என்கின்றன. முன்கூட்டியே டிக் செய்துவைத்த கட்டத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்றும் அதே விதிகள் சொல்கின்றன. 2023 நவம்பர் 30 அன்று வந்த டார்க் பேட்டர்ன் வழிகாட்டு நெறிகள் 13 வகை ஏமாற்று வடிவங்களைப் பட்டியலிட்டுத் தடை செய்தன. விலையின் ஒரு பகுதியை முதலிலேயே சொல்லாமல் மறைத்து, துளித்துளியாக வெளியிடுவது அவற்றில் ஒன்று. கம்பெனிகளின் பக்கம் நிற்பவர்கள் இதே நெறிகளில் உள்ள ஒரு விளக்கத்தைத் தூக்கிக் காட்டுவார்கள்: வாங்கும்போது தெரிவிக்கப்பட்ட அவசியமான கட்டணங்களைச் சேர்ப்பது, கேட்காத பொருளைக் கூடைக்குள் திணித்த குற்றமாகாது. சரி, அது திணிப்புக் குற்றத்துக்கான விலக்கு. விலையை மறைத்த குற்றத்துக்கு அந்த விலக்கு கிடையாது. அவசியமான கட்டணம் என்றால் அது முன்கூட்டியே தெரிந்த கட்டணமாகத்தானே இருக்கும்? தெரிந்ததை முதல் திரையில் போட என்ன தடை?

டெலிவரிக்குச் செலவாகிறதே, அதை யார் கொடுப்பது என்பது அடுத்த கேள்வி. வாங்குபவர்தான் கொடுக்க வேண்டும், அதில் யாருக்கும் தகராறு இல்லை. பெட்ரோலுக்கு, வண்டிக்கு, கிடங்கு வாடகைக்கு ஆகும் காசை விலையில் சேர்த்து முதலிலேயே சொல்லட்டும். எம்.ஆர்.பி. அச்சிட்ட பாக்கெட்டுக்கு அதற்கு மேல் வாங்கக் கூடாது என்ற விதிக்குத் தெருமுனை மளிகைக் கடைக்காரர் கட்டுப்பட்டு வியாபாரம் செய்கிறார். அவருக்கும் கரண்ட் பில் இருக்கிறது, கடைப் பையனுக்குச் சம்பளம் இருக்கிறது. பருப்பைப் பொட்டலம் கட்டிக் கையில் கொடுத்த பிறகு தராசுக்கு இவ்வளவு, நூலுக்கு இவ்வளவு என்று அவர் நீட்டினால் நாம் அந்தப் படியை மறுபடி மிதிப்போமா? பெரிய முதலீட்டோடு வந்தவர்களுக்கு மட்டும் ஏன் இந்தச் சலுகை?

இந்த இடத்தில் டெலிவரி செய்யும் தம்பியை முன்னால் நிறுத்துவார்கள். வெயிலிலும் மழையிலும் வருகிறானே, அவனுக்குப் போகட்டும் என்று நல்ல மனதோடு சொல்கிறவர்கள் பில்லை இன்னொரு முறை படிக்க வேண்டும். டெலிவரிக் கட்டணம் தனி வரி, பிளாட்ஃபார்ம் ஃபீ தனி வரி. ஸ்விக்கி 2023 ஏப்ரலில் இந்தக் கட்டணத்தை 2 ரூபாயாக ஆரம்பித்தது. சொமேட்டோ அதே ஆண்டு ஆகஸ்டில் 2 ரூபாயாக ஆரம்பித்தது. 2025 செப்டம்பரில் சொமேட்டோவின் கட்டணம் 12 ரூபாய், அதற்கு மேல் ஜி.எஸ்.டி. இது கம்பெனியின் வருமானம். ரெண்டு ரூபாய்தானே என்று அன்று விட்டவர்கள்தான் இரண்டே ஆண்டுகளில் ஆறு மடங்கு கட்டினார்கள். வண்டி ஓட்டுகிறவருக்கோ நிலையான சம்பளம் இல்லை, விடுப்பு இல்லை. தமிழ்நாட்டில் இவர்களுக்கென நலவாரியம் வந்ததே 2023 டிசம்பரில்தான். அவரது உழைப்பைக் காட்டி நம்மிடம் காசு கேட்கிறவர்கள், எவ்வளவு வாங்கினோம், அதில் எவ்வளவு அவர் கைக்குப் போயிற்று என்று ஒவ்வொரு பில்லிலும் அச்சிடட்டும். நானும் மனமுவந்து கட்டுகிறேன்.

பணம் கட்டி முடித்த பிறகு வரும் கட்டணங்கள் இன்னும் கொடுமை. இலவச டெலிவரி என்று போட்டிருந்த ஃப்ரிட்ஜ் வாசலில் வந்து இறங்கும். வந்தவர்கள் தரைத்தளம் வரைதான் என்பார்கள், மாடி ஏற்றத் தனிக்காசு. லிஃப்ட் இல்லாத வீட்டில் வயதானவர்கள் அதைத் தெருவிலா வைத்திருக்க முடியும்? கொடுத்துத்தான் ஆக வேண்டும். தூக்குபவர்களைக் கோபிப்பதில் பயனில்லை, அவர்களுக்கு அந்தக் கூலியைக் கம்பெனி கொடுத்திருக்காது. பார்சல் ஊருக்கு வந்து, உங்கள் தெரு எங்கள் எல்லைக்கு வெளியே என்று சொல்லிக் கேட்கும் கூடுதல் காசும் இதே ரகம். வாங்கும் நேரத்தில் சொன்ன தொகைக்கு மேல் வசூலிப்பதையும், ஏற்கெனவே பணம் கட்டிய சேவையைத் தர இன்னொன்றை வாங்கச் சொல்வதையும் 2023 நெறிகள் தடை செய்கின்றன. பழுதான பொருளைத் திருப்பி அனுப்பினால் விலை மட்டும் திரும்பி வருகிறது, மேலே பிடித்த கட்டணம் வருவதில்லை என்ற புகாரும் சாதாரணமாகிவிட்டது. யார் செய்த பிழைக்கு யார் கட்டணம்?

வாங்கிய பிறகும் சின்னச் சின்னத் தொகை கேட்பார்கள், கொடுத்துவிட வேண்டும் என்று நாடே பழகிவிட்டதன் விளைவை மோசடிக்காரர்கள் நம்மைவிட நன்றாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள். உங்கள் பார்சல் வந்திருக்கிறது, முகவரி முழுமையாக இல்லை, இந்த லிங்க்கில் போய்ச் சரிசெய்யுங்கள் என்று அஞ்சல் துறையின் பெயரில் குறுஞ்செய்தி வருகிறது. அது போலி என்று 2024-ல் மத்திய அரசின் பி.ஐ.பி. உண்மை சரிபார்ப்புப் பிரிவே எச்சரித்தது. லிங்க்கைத் திறந்து, மறு டெலிவரிக்கென்று கேட்கும் சில்லறைத் தொகைக்காகக் கார்டு எண்ணைக் கொடுத்தால் கணக்கே காலியாகலாம். நேர்மையான கடைகள் முழு விலையை முதலிலேயே சொல்லும் நாட்டில் இந்த வலையில் விழுபவர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள்.

பிடிக்கவில்லையென்றால் வேறு கடைக்குப் போ என்பதும் வெறும் பேச்சு. எல்லாச் செயலியிலும் இதே கட்டணம் வேறு பெயரில் நிற்கும்போது எங்கே போவது? ஹோட்டல்களும் இப்படித்தான் வாதாடின. சர்வீஸ் சார்ஜ் மெனு அட்டையில் போட்டிருக்கிறது, தெரிந்துதான் சாப்பிட்டார்கள் என்றார்கள். கட்டாயமாக வாங்கக் கூடாது என்ற 2022 வழிகாட்டு நெறிகளை டெல்லி உயர்நீதிமன்றம் 2025 மார்ச்சில் உறுதிசெய்தது. தெரிந்து சாப்பிட்டவருக்கும் உரிமை உண்டு என்றுதானே இதற்கு அர்த்தம்?

கேட்க நினைப்பவருக்கு வழி இருக்கிறது. முதல் திரையின் விலையையும் கடைசித் திரையின் தொகையையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு 1915 என்ற தேசிய உதவி எண்ணில் புகார் செய்யலாம். நடக்கவில்லையென்றால் இ-ஜாக்ரிதி தளம் வழியாக மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. கம்பெனியின் தலைமை அலுவலகம் பெங்களூரில் இருந்தாலும் டெல்லியில் இருந்தாலும், நாம் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போட 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. பத்து ரூபாய்க்காகவா என்று கேட்பவர்களுக்குச் சண்டிகரின் 3 ரூபாயைத் திரும்பவும் சொல்வேன். அது 9,000 ஆனது தொகையால் அல்ல, ஒருவர் கேட்டதால்.

ஆனால் ஒவ்வொருவரும் தனித்தனியாக வழக்குப் போட்டால்தான் நியாயம் என்றால் அது அரசு கைகழுவுவதாகும். 2025 ஜூனில் கம்பெனிகள் தங்கள் தளங்களைத் தாங்களே மூன்று மாதத்தில் தணிக்கை செய்துகொள்ள வேண்டும் என்றது மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம். எங்களிடம் ஏமாற்று வடிவம் எதுவும் இல்லை என்று நவம்பரில் 26 தளங்கள் உறுதிக் கடிதம் கொடுத்தன. குற்றம் சாட்டப்பட்டவரே தீர்ப்பு எழுதிக்கொள்ளும் இந்த ஏற்பாட்டை ஏற்கவே முடியாது. ஆணையத்துக்கு அதிகாரம் இல்லாமலில்லை. ஆட்டோ விளம்பரத்தில் தருவதாகச் சொன்ன 50 ரூபாயைக் கொடுக்காததற்காக 2025 ஆகஸ்டில் ராபிடோ என்ற பயணச் செயலிக்கு 10 லட்சம் ரூபாய் அபராதம் போட்டு, வாடிக்கையாளர்களுக்கு அந்தத் தொகையைக் கொடுக்கச் சொன்னது. அதே கையால் மறைத்து வாங்கிய கட்டணங்களையும் திருப்பிக் கொடுக்கச் செய்யட்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2011-லேயே ஒரு வரி எழுதிவைத்தது: கூடுதல் கட்டணத்தை முன்கூட்டியே தெரிவிக்காவிட்டால் நுகர்வோர் அதைச் சுமக்க வேண்டியதில்லை. நம் மின்வணிக விதிகளில் அந்த வரி சேர வேண்டும். சேர்ந்த நாளிலிருந்து, பார்த்துவிட்டுத்தானே கட்டினாய் என்ற கேள்வியை வாங்கியவரிடம் கேட்க முடியாது. எந்தத் திரையில் சொன்னாய் என்று விற்றவரிடம்தான் கேட்க வேண்டியிருக்கும்.