தடித்த கம்பியும் மெலிந்த அறிவும்



அரசியல் எழுதியே காலம் கழித்த கிழவன், மோட்டார்க் காரின் கம்பியைப் பற்றி எழுத வந்துவிட்டானே என்று சிலர் சிரிக்கக்கூடும். சிரியுங்கள், ஆனால் முடிவுவரை படித்துவிட்டுச் சிரியுங்கள். பத்திரிகையில் இருந்த காலத்தில் எத்தனையோ வீதி விபத்துச் செய்திகளை எழுதியவன் நான். "வேகக் கட்டுப்பாட்டை இழந்த வாகனம்" என்ற ஒரே தொடரில் அவற்றையெல்லாம் முடித்துவிடுவோம். கட்டுப்பாடு ஏன் இழக்கப்பட்டது என்று கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். என் குடும்பத்திலேயே நடந்ததனால் கேட்கிறேன்.

என் தங்கையின் மகன் கல்லடியில் வசிக்கிறான். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்துவிடப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் பழைய கார்களுக்கு வந்த மவுசை நாடறியும். அந்த நாட்களில் பல வருடச் சேமிப்பைக் கொட்டி அவன் வாங்கியது ஒரு பழைய மஸ்டா எம்எக்ஸ்-5. இரண்டே இருக்கைகள், பின்சக்கர இயக்கம், மடித்து வைக்கக்கூடிய கூரை. சில மாதங்களுக்கு முன் வந்து நின்றான்: "வளைவுல கார் சாயுது மாமா. தடிச்ச ஸ்டெபிலைசர் பார் போடப் போறன்."

லண்டனிலுள்ள மச்சான் முறையானவன் அனுப்பிவைத்தான். பின்பக்கத்துக்குரியது முதலில் வந்தது. முன்பக்கத்துக்குரியது வரும்வரை பொறுக்க முடியாமல் அதை மட்டும் பூட்டிக்கொண்டு ஓடினான். மார்கழி மழையில் ஓரிரவு, மண்முனைப் பாலத்துக்குப் போகும் வழியில் ஒரு வளைவில், காரின் பின்புறம் விலகிச் சுழன்று, வாவியைப் பார்த்தபடி நின்றது. எதிரே சைக்கிளில் வந்த ஒரு தகப்பனும் பிள்ளையும் சில அடி தூரத்தில் தப்பினார்கள். தப்பியது அவர்களுடைய அதிர்ஷ்டம். இவனுடைய சாமர்த்தியம் அன்று.

இந்தக் கம்பி என்னதான் செய்கிறது? நமது 'ப' எழுத்தைப் போல வளைந்த ஓர் எஃகுக் கம்பி, இடச் சக்கரத்தையும் வலச் சக்கரத்தையும் இணைக்கிறது. இரு சக்கரங்களும் ஒன்றாக ஏறி இறங்கினால் அதற்கு வேலையில்லை. ஒன்று ஏறி மற்றது ஏறாதபோது அது முறுக்குண்டு எதிர்க்கிறது. வளைவில் உடல் சாய்வது அதனால் குறைகிறது. இவ்வளவும் உண்மை, நான் மறுக்கவில்லை.

ஆனால், சாய்வு குறைந்தால் பிடிப்புக் கூடும் என்று நினைக்கிறார்களே, அங்கேதான் பிழை. வளைவில் உட்சக்கரங்களிலிருந்து வெளிச்சக்கரங்களுக்கு மாறும் மொத்தப் பாரத்தைத் தீர்மானிப்பவை காரின் வேகம், வளைவின் இறுக்கம், காரின் எடை, அதன் ஈர்ப்பு மையத்தின் உயரம், சக்கரங்களுக்கிடையிலான அகலம் ஆகியன. கம்பி அந்தப் பாரத்தைக் குறைப்பதில்லை. முன்னுக்கு எவ்வளவு, பின்னுக்கு எவ்வளவு என்று பங்கிடுகிறது. டயருக்கோ ஓர் இயல்பு உண்டு: அதன்மேல் பாரம் இருமடங்கானால் பிடிப்பு இருமடங்காவதில்லை. ஆகவே எந்தப் பக்கக் கம்பியைத் தடிப்பாக்குகிறீர்களோ, அந்தப் பக்கம்தான் முதலில் பிடியை விடும். பின்னால் தடித்த கம்பி, பின்சக்கர இயக்கம், நனைந்த தார்! சுழலாமல் என்ன செய்யும்?

"நாலு மில்லிமீட்டர்தானே மாமா கூட" என்றான். நீளமும் வடிவமும் மாறாவிட்டால், முறுக்கை எதிர்க்கும் வலிமை விட்டத்தின் நான்காம் அடுக்குக்கு ஏற்பக் கூடும். 20 மில்லிமீட்டர்க் கம்பிக்குப் பதிலாக 24 போட்டால், விறைப்பு இருமடங்குக்குச் சற்று மேல். கைக்கு மெல்லிய வித்தியாசம், காருக்கு வேறு சுபாவம்.

இனி நம்முடைய வீதிகளைப் பாருங்கள். கல்லடியிலிருந்து காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி எனச் செல்லும் ஏ4 வீதி மட்டமான நிலத்தில், ஊர்களுக்கு ஊடாகப் போகிறது. மலைவளைவு ஒன்றேனும் உண்டா? படுவான்கரைப் பக்கம் போனால் எதிரே பஸ் வரும்போது இடச் சக்கரம் தாரை விட்டு மணலில் இறங்கவேண்டும். வீதியில் மாடு படுத்திருக்கும். அறுவடைக் காலத்தில் நெல் காயும். ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் விழுவதுதான் இங்கே அன்றாடம். இரு சக்கரங்களையும் இறுக்கிப் பிணைத்த காரில், இடச் சக்கரத்தின் அடி வலச் சக்கரத்தையும் உலுக்கும். சாயாத கார் வேண்டுமென்று ஆசைப்பட்டவன், தரையைத் தொட மறுக்கும் காரை வாங்கிக்கொள்கிறான்.

"பந்தயக் கார்களில் போடுகிறார்களே!" என்பது அடுத்த வாதம். போடுகிறார்கள். இருங்காட்டுக்கோட்டையிலும் கட்டுகுருந்தையிலும் ஓடுவது பந்தயத் தடத்தில். அங்கே எதிரே சைக்கிள் வராது. அதைவிட முக்கியமான ஒன்றை நம் பிள்ளைகள் வசதியாக மறந்துவிடுகிறார்கள்: மழை பெய்தால் பந்தயக்காரர்களே அந்தக் கம்பியைத் தளர்த்துவார்கள்; சிலர் கழற்றியே விடுவார்கள். வடகீழ்ப் பருவமழையில் மாதக்கணக்காக நனைந்து கிடக்கும் மட்டக்களப்பில், இவர்கள் தடிப்பாக்குகிறார்கள்! 2011இல் வந்த மக்லாரன் எம்பி4-12சி என்ற அதிவேகக் காரில் இந்தக் கம்பியே கிடையாது. சாய்வைத் தடுக்கும் வேலையை எண்ணெய் அழுத்த ஏற்பாடு ஒன்று செய்தது. பிணைப்பின் கேட்டைப் பொறியியலாளர் அறிந்திருந்தார்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். சாய்வோடு சக்கரமும் சேர்ந்து சரிந்து, டயரின் விளிம்பில் ஓடும் கார்கள் உண்டு. அவற்றுக்குச் சற்றுத் தடித்த கம்பி நன்மை செய்யும். ஆனால் 1989இல் அறிமுகமான எம்எக்ஸ்-5இன் நான்கு சக்கரங்களுக்கும் இரட்டைக் கை அமைப்பு உண்டு. சக்கரச் சரிவைக் கட்டுப்படுத்தவே அப்படிச் செய்தார்கள். பழைய காரில் சாய்வு மிகையாகத் தோன்றினால், முதலில் பார்க்கவேண்டியவை தேய்ந்த றப்பர் புஷ், ஓய்ந்துபோன ஷொக் அப்சோர்பர், கிழடாகிப்போன டயர், காற்றழுத்தம். இவை நான்கும் சரியான பின்னும் மனம் ஆறாவிட்டால், விறைப்பை மாற்றக்கூடிய கம்பியை முன்னுக்கு மட்டும், ஆகத் தளர்ந்த துளையில் பூட்டுங்கள். முன்புறம் முதலில் வழுக்கினால் வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். பின்புறம் வழுக்கினால் சமாளிப்பவர்கள் சிலரே.

நம் சட்டம் காருக்கு அனுமதிப்பது ஊருக்குள் 50 கிலோமீட்டர், வெளியே 70. இந்த வேகத்தில் உங்கள் கார் சாய்ந்து கவிழப்போகிறதா? இல்லை என்றால், கம்பி எதற்கு? எந்த வேகத்துக்கு? அந்த வேகத்தில் எந்த வீதியில், யாருடைய பிள்ளை குறுக்கே வரும்போது?

மருமகன் பழைய கம்பியையே திரும்பப் பூட்டிவிட்டான். புதியது சுவரில் சாய்ந்து துருப்பிடிக்கிறது. "முன் பாரும் சேர்த்துப் போட்டிருந்தா இது நடந்திராது" என்று இன்னமும் வாதாடுகிறான். வாதாடட்டும், வாதாட உயிரோடு இருக்கிறானே!

லண்டனிலும் டொரொன்டோவிலும் இருந்து தம்பிமாருக்கு உதிரிப்பாகம் அனுப்பும் அண்ணன்மாரே, உங்கள் பாசத்தை நான் அறிவேன். அடுத்த முறை அவன் தடித்த கம்பி கேட்டால், கடைசியாக எப்போது டயர் மாற்றினாய் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால், நான்கு நல்ல டயருக்குக் காசு அனுப்புங்கள். கம்பியை அனுப்பாதீர்கள்.