பல்லரோவில் சல்சா: மகனுக்கு ஒரு நீதி, மகளுக்கு ஒரு நீதியா?

இத்தாலியின் சிசிலித் தீவிலுள்ள பலெர்மோ நகரின் பழைய பகுதியில் பல்லரோச் சந்தை அமைந்துள்ளது. மீனும் காய்கறியும் கூவி விற்கப்படும் அச்சந்தையைச் சுற்றியுள்ள ஒடுங்கிய தெருக்களில் ஈழத்தமிழரும் வங்காளதேசத்தவரும் ஆபிரிக்கரும் சிசிலியரும் அயலவராக வாழ்ந்து வருகின்றனர். 1983 ஆம் ஆண்டின் யூலைப் படுகொலைகளைத் தொடர்ந்த காலத்தில் இந்நகரை வந்தடைந்த தமிழர்களிற் பெரும்பாலானோர் வீட்டுப் பணிகளிலும் முதியோர் பராமரிப்பிலும் ஈடுபட்டுத் தமது பிள்ளைகளை வளர்த்தெடுத்தனர். அப்பிள்ளைகள் இன்று சிசிலிய உச்சரிப்புடன் இத்தாலிய மொழி பேசுகின்றனர். வகுப்புத் தோழர்களுடன் மாலையில் சல்சா பழகச் செல்லவும் விரும்புகின்றனர்.

இத்தகைய விருப்பம் தமிழ் வீடொன்றில் வெளியிடப்படும்போது நிகழ்வது என்ன? கேட்பவன் மகனாயின், "படிப்பைக் கவனி" என்ற ஒற்றைச் சொல்லுடன் விடயம் முடிந்துவிடுகிறது. கேட்பவள் மகளாயின், ஊர் என்ன சொல்லும், நாளை திருமணம் பேச வருபவர்கள் என்ன சொல்லுவார்கள், ஆணின் கையைப் பிடித்து ஆடுவது எந்த ஊர்ப் பண்பாடு என்று கேள்விகள் அடுக்கப்படுகின்றன. "எந்த ஊர்ப் பண்பாடு" என்ற அந்த இறுதிக் கேள்விக்கு உண்மையான விடை ஒன்று உண்டு. கேட்கும் பெற்றோர் அதை அறிந்துகொள்வது நன்று.

சல்சா ஏதிலிகளின் கையில் வளர்ந்த கலை. ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்டவர்களின் தாளமும் ஸ்பானியரின் கிற்றார் இசையும் கியூபாவிற் கலந்து "சொன்" என்னும் இசையாயின. அவ்விசை நியூயோர்க் நகரின் வறிய குடியிருப்புகளில் வாழ்ந்த புவேர்ட்டோ றிக்கோ, கியூபா மக்களிடையே வேறு இசைகளுடன் சேர்ந்து 1960களிலும் 1970களிலும் சல்சா என்னும் பெயரைப் பெற்றது. அதனை உலகறியச் செய்த பானியா இசைத்தட்டு நிறுவனம் 1964 இல் அந்நகரிலேயே தொடங்கப்பட்டது. சல்சாவின் அரசி எனப் போற்றப்பட்ட சீலியா குறூஸ் 1960 இல் கியூபாவை விட்டு வெளியேறியவர். 1962 இல் அவரது தாயார் இறந்தபோது, இறுதிக் கிரியைக்குச் செல்ல அவருக்கு அனுமதி மறுக்கப்பட்டது. 1990 இல் குவாண்டனாமோவிலுள்ள அமெரிக்கத் தளத்திற் பாடச் சென்றவர், அங்கிருந்து ஒரு பிடி கியூப மண்ணை எடுத்துவந்தார். 2003 இல் அவர் காலமானபோது அம்மண் அவருடனேயே அடக்கம் செய்யப்பட்டது. பெற்றவரின் சாவீட்டுக்குப் போக முடியாமல் தொலைபேசியின் மறுமுனையில் அழுதவர்கள் பலெர்மோவின் தமிழ் வீடுகளிலும் இருக்கின்றனர். அவர்களுக்கு இக்கதை அந்நியமானதாக இராது.

பண்பாடு பற்றிப் பேசுவோர் பரதநாட்டியத்தின் வரலாற்றையும் ஒருமுறை திரும்பிப் பார்க்க வேண்டும். ஒரு நூற்றாண்டுக்கு முன்னர் சதிர் என்ற பெயரில் அது தேவதாசிக் குலத்தவரின் ஆட்டமாக இருந்தது. "மதிப்பான" குடும்பத்துப் பெண் அதனை ஆடுவது இழுக்கெனக் கருதப்பட்டது. 1935 இல் ருக்மிணிதேவி அருண்டேல் மேடையேறியபோது சென்னையிற் பலர் முகஞ்சுழித்தனர். 1936 இல் அவர் கலாசேத்திரத்தை நிறுவினார். பின்வந்த தலைமுறையில் அதே ஆட்டம் குடும்ப மதிப்பின் அடையாளமாகிவிட்டது. (தலைமுறைகளாக அதைக் காத்து வந்த பெண்களுக்கு அம்மதிப்பில் உரிய பங்கு கிடைக்கவில்லை என்பது தனியே பேசப்பட வேண்டிய துயரம்.) இன்று கடன்பட்டேனும் மகளுக்கு அரங்கேற்றம் நடத்தும் பெற்றோர், தமது பாட்டனார் காலத்தில் அது எவ்வாறு நோக்கப்பட்டது என்பதை மறந்துவிட்டனர்.

பைலாவையும் இங்கு குறிப்பிடாதிருக்க முடியாது. போர்த்துக்கேயருடனும் அவர்கள் கொண்டுவந்த ஆபிரிக்கருடனும் இலங்கையில் வேரூன்றிய அவ்வாட்டம், கலியாண வீட்டிலும் சுற்றுலாப் பேருந்திலும் தமிழரைத் தடையின்றி ஆடவைத்தது. நித்தி கனகரத்தினத்தின் "சின்ன மாமியே" பாடலுக்கும் ஏ. ஈ. மனோகரனின் "சுராங்கனி"க்கும் இடுப்பை ஆட்டிய இளைஞர்களே இன்றைய பெரியப்பாக்களும் மாமாக்களும். பலெர்மோவிற் பிறந்தநாள் விழாவொன்றில் அவர்கள் மீண்டும் ஆடும்போது எவரும் பண்பாட்டைப் பற்றிக் கேட்பதில்லை.

சல்சா வகுப்பில் உண்மையில் நடப்பது என்ன என்பதைப் பார்த்தவர்கள் குறைவு. கண்ணாடியின் முன் வரிசையாக நின்று எட்டு எண்ணிக்கைக்குக் காலடி வைக்கப் பழகுகின்றனர். ஒன்று, இரண்டு, மூன்று என அடியெடுத்து நான்கில் நிறுத்தம். ஐந்து, ஆறு, ஏழு, மீண்டும் எட்டில் நிறுத்தம். பின்னர் இணைகளாக நின்று பயில்கின்றனர். ஆசிரியர் சில நிமிடங்களுக்கொருமுறை இணைகளை மாற்றிவிடுவார். ஹவானாவில் 1950களிற் தோன்றிய வட்ட வடிவில், ஒருவர் குரல் கொடுக்க அனைவரும் ஒரே நேரத்தில் இணை மாறிக்கொள்வர். கோலாட்டத்தில் எதிர் நின்றவரைக் கடந்து அடுத்தவரின் கோலில் தட்டும் முறையை அறிந்தவருக்கு இது உடனே விளங்கும். வகுப்புக்கு வெளியே நடைபெறும் ஆட்ட மாலைகளிலும் ஒழுங்கு உண்டு. கை நீட்டி அழைக்கலாம், அழைக்கப்பட்டவர் மறுக்கலாம், மறுத்தவரிடம் காரணம் கேட்பது அநாகரிகம். ஓரிரு பாடல்கள் முடிந்ததும் நன்றி கூறி விலகிவிடுவர். வேண்டாம் என்று ஓர் ஆணின் முகத்தைப் பார்த்துச் சொல்லும் பழக்கம் தமிழ்ப் பெண்பிள்ளைகளுக்கு வேறெங்கு கற்பிக்கப்படுகிறது?

எனினும் பெற்றோரின் அச்சத்தை முற்றாகத் தள்ளிவிடுவதும் நியாயமன்று. தென் இத்தாலியில் ஆட்ட மாலைகள் இரவு பத்து மணிக்குப் பின்னரே சூடுபிடிக்கின்றன. அதிகாலையில் எழுந்து வேலைக்குச் செல்லும் தாயால் அந்நேரம் வரை விழித்திருக்க இயலாது. மதுவும் அங்கு விற்கப்படும். தொட்டுப் பயிற்றும் எக்கலையையும் போல இங்கும் வரம்பு மீறும் ஆசிரியர் இருக்கக்கூடும். பரதநாட்டியமும் சங்கீதமும் கற்பிக்கும் வீடுகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும் என்பதையும் சொல்லித்தானாக வேண்டும். ஆகவே வகுப்புக்கும் இரவு நிகழ்வுக்கும் வேறுபாடு காண்பதே அறிவுடைமை. பதினாறு வயதுப் பிள்ளைக்கு மாலை வகுப்பு போதுமானது. இரவு நிகழ்வு பதினெட்டு வயது வரை காத்திருக்கலாம். இவ்வரம்பு மகனுக்கும் மகளுக்கும் ஒன்றாகவே இருத்தல் வேண்டும்.

இளையோர் தரப்பிலும் பிழை உண்டு. நூலகத்துக்குச் செல்வதாகக் கூறிவிட்டு நடன வகுப்புக்குச் செல்லும் பிள்ளை, பெற்றோரின் ஐயத்தைத் தானே மெய்ப்பித்துவிடுகிறது. அதைவிடப் பாரதூரமானது, அங்கு ஏதேனும் தீங்கு நேர்ந்தால் வீட்டிற் சொல்ல முடியாத நிலை. தடையைவிட இம்மௌனமே ஆபத்தானது என்பதை இரு தலைமுறையினரும் உணரவேண்டும்.

பலெர்மோத் தமிழர் எல்லைகளைக் கடக்கத் தெரியாதவர்களல்லர். பெல்லெகிறீனோ மலைக் குகையிலுள்ள புனித றொசாலியாவின் திருத்தலத்துக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் ஏறிச் செல்வோரிற் சைவத் தமிழரும் அடங்குவர். 1624 இல் கொள்ளைநோயிலிருந்து நகரைக் காத்தவர் எனச் சிசிலியர் போற்றும் அப்புனிதையைத் தமது அம்மனாகவே ஏற்றுக்கொள்ள அவர்களுக்கு எவரும் அனுமதி வழங்கவில்லை. சைவத்தை அவர்கள் இழந்துவிடவும் இல்லை. தெய்வத்தையே அயலவருடன் பகிர்ந்துகொண்டவர்கள், மாலையில் ஒரு மணிநேர ஆட்டத்தைப் பகிர்வதற்குத் தயங்குவது வியப்புக்குரியது.

பெரும்பாலான நடனப் பள்ளிகள் முதல் வகுப்பைக் கட்டணமின்றிப் பார்க்க அனுமதிப்பதுண்டு. பிள்ளை கேட்ட வாரத்திலேயே தாயோ தந்தையோ உடன் சென்று, சுவரோரக் கதிரையில் அமர்ந்து, அந்த ஒரு மணிநேரத்தைத் தமது கண்ணாற் காணலாம். ஆசிரியர் யார், வகுப்பு எத்தனை மணிக்கு முடிகிறது, பிள்ளையுடன் திரும்பி வருபவர் யார் என்பவற்றை அங்கேயே கேட்டறியலாம். இத்தாலிய மொழி போதாவிட்டால், மொழிபெயர்ப்பதற்குத்தான் மகள் பக்கத்தில் இருக்கிறாளே.