மேடு மறைத்த மாளிகை

தில்லி பார்க்க வரும் ஊர்க்காரர்களின் பட்டியலில் செங்கோட்டை, குதுப்மினார் எல்லாம் இருக்கும். நான் கூடுதலாக ஒன்று காட்டுவேன். கோல் மார்க்கெட்டிலிருந்து அதிக தூரமில்லை. இந்தியா கேட்டிலிருந்து ராஜபாதையில் (2022 முதல் கர்த்தவ்ய பாதை) மேற்கே வந்தால், எதிரே ரைசினா மேட்டில் குடியரசுத் தலைவர் மாளிகை கம்பீரமாக நிற்கும். கிட்டே போகப் போக அது தரைக்குள் இறங்கும். விஜய் சௌக்கை அடையும்போது தூண்களைக் காணோம். கவிழ்த்த கிண்ணம் போல குவிமாடம் மட்டும் தெரியும். மேடேறினால் மாளிகை மறுபடி எழுந்து வரும்.

வருகிறவர்கள் இதை வேடிக்கை என்பார்கள். அதைக் கட்டிய எட்வின் லுட்யன்ஸுக்கு அது ஆயுள்கால வருத்தம்.

லுட்யன்ஸின் பலம் அவர் கண். நோயாளிக் குழந்தை; ஒழுங்கான பள்ளிப்படிப்பு கிடையாது. ஒரு கண்ணாடித் துண்டைப் பிடித்துக்கொண்டு, அதன் வழியே தெரியும் வீட்டின் கோடுகளைக் கூர்செதுக்கிய சோப்பால் அதன்மேலேயே வரைந்து பழகியவர். கூட்டம், தீர்மானம் என்றால் அலுப்பு. சிலேடை ஜோக் ஒன்றை உதிர்த்துவிட்டுப் படம் போடத் தொடங்கிவிடுவார்.

ஹெர்பர்ட் பேக்கர் வேறு ரகம். தென்னாப்பிரிக்காவில் சிசில் ரோட்ஸின் ஆதரவில் வளர்ந்தவர். பிரிட்டோரியாவில் அரசுக் கட்டடங்களை மலைச்சரிவில் கட்டிப் பெயர் வாங்கியவர். அதிகாரிகளோடு உட்கார்ந்து எந்தச் சிக்கலையும் ஒரு உடன்பாடாக மாற்றிவிடத் தெரிந்தவர். இளமையில் லண்டனில் ஒரே அலுவலகத்தில் தொழில் பழகிய நண்பர்கள் இருவரும். பேக்கரைத் தில்லிக்குக் கூட்டிவர விரும்பியவரே லுட்யன்ஸ்தான்.

மாளிகை மட்டும் மேட்டின்மேல் இருக்க வேண்டும் என்பது லுட்யன்ஸின் முதல் எண்ணம். தலைமைச் செயலகமும் அதே உயரத்தில் நிற்கட்டும் என்றார் பேக்கர். லுட்யன்ஸ் சம்மதித்தார். மாளிகை பின்னால் தள்ளிப்போனது. ஏறுபாதை 22.5 அடிக்கு ஒரு அடி உயரும் என்ற ஏற்பாட்டுக்கும் 1913இல் கையெழுத்துப் போட்டார். அந்தச் சரிவு மாளிகையை மறைத்துவிடும் என்பது அவருக்கு உறைத்தது 1916இல்.

பிறகு நடந்ததுதான் சுவாரசியம். ஆளுக்கொரு பழக்கம், அதையே ஆயுதமாக எடுத்தார்கள். லுட்யன்ஸ் கோபித்தார், கிண்டலடித்தார், பெரிய மனிதர்களிடம் முறையிட்டார். (அவர் மாமனார் லிட்டன் பிரபு முன்னாள் வைஸ்ராய்.) பேக்கர் சத்தம் போடவில்லை. கையெழுத்தைக் காட்டினார், செலவைக் காட்டினார். அப்போது முதல் உலகப்போர் வேறு. லுட்யன்ஸ் தோற்றார். நண்பர்களுக்குள் சில ஆண்டுகள் பேச்சே இல்லை. நெப்போலியனுக்கு வாட்டர்லூ என்றால் தனக்குப் பேக்கர்லூ என்று அதையும் சிலேடையாக்கினார் அவர். ஜோக் நன்றாகத்தான் இருந்தது. சரிவு ஒரு அங்குலம் குறையவில்லை.

இந்த முடிவு கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸில் குடியிருந்த பழைய தலைமுறைத் தமிழ்க் குமாஸ்தாக்களுக்கு ஆச்சரியம் தந்திராது. நோட் எழுதுவதில் புலிகள் அவர்கள். சம்பந்தி வீட்டோடு தகராறு வந்தால்கூட, ‘நிச்சயதார்த்தத்தன்று ஒப்புக்கொண்டது என்ன’ என்று முதல் பாயிண்ட்டிலிருந்துதான் தொடங்குவார்கள். வாதத்தில் ஜெயிப்பார்கள். சம்பந்தி பேச மாட்டார்.

என் தொழிலிலும் இரண்டு சாதி உண்டு. ஒருவர் வாக்கியத்தின் ஓசையைப் பிடித்துக்கொண்டு அர்த்தத்தைக் கோட்டைவிடுவார். இன்னொருவர் அகராதியை விடமாட்டார். படித்தால் பல் உடையும். இருவரையும் ஒரே மேஜையில் உட்கார வைத்தால் நல்ல மொழிபெயர்ப்பு வரும். உட்கார வைப்பதுதான் கஷ்டம்.

‘வலியறிதல்’ அதிகாரத்தில் வள்ளுவர் நான்கை எடைபோடச் சொல்கிறார்: செயலின் வலி, தன் வலி, எதிரியின் வலி, துணையின் வலி. முதல் மூன்றையும் மேலாண்மை வகுப்புகளில் விதவிதமாகச் சொல்லித்தருகிறார்கள். நான்காவதில்தான் ரைசினா மேடு வழுக்கியது. லுட்யன்ஸின் கண் பேக்கருக்குத் துணை. பேக்கரின் கோப்பு லுட்யன்ஸுக்குத் துணை. 1916இல் இருவருமே அதை எதிரியின் வலியாகக் கணக்குப் போட்டார்கள். லுட்யன்ஸ் பார்த்தது சரி என்றுதான் நான் நினைக்கிறேன். விஜய் சௌக்கில் நின்ற யாரும் அப்படித்தான் நினைப்பார்கள். சரியாகப் பார்த்தவருக்கு அதை ஒரு கமிட்டியின் மொழியில் சொல்லத் தெரியவில்லை. சொல்லத் தெரிந்தவர் அருகிலேயே இருந்தார்.

ஒரே ஒரு இடத்தில் கணக்கு மாறியது. நாடாளுமன்றத்துக்குப் பேக்கர் போட்டது முக்கோணப் படம், மூன்று அவைகளுக்கு மூன்று கைகள். வட்டமாக இருக்கட்டும் என்று லுட்யன்ஸ் வலியுறுத்தினார், கமிட்டி ஏற்றது. பேக்கர் முகம் சுளித்திருக்கலாம். ஆனால் தன் மூன்று அவைகளையும் அந்த வட்டத்துக்குள் பொருத்தி, 144 தூண்களோடு கட்டி முடித்தார். 1927இல் திறந்தார்கள். மேட்டுச் சண்டையில் பிறக்காத கட்டடம் ஒன்று, இருவர் கைரேகையும் கலந்து, அங்கே நிற்கிறது.

அதற்குப் பக்கத்தில் 2023இல் திறந்த புதிய நாடாளுமன்றம் முக்கோண வடிவம். பேக்கர் இருந்திருந்தால் பழைய ஃபைலை எடுத்துவந்திருப்பார்.