ட்ரிப் சுவிச் விழுந்தால் எங்கிருந்து தேடுவது?



சென்ற இதழில் மின்கட்டணப் பட்டியலை வாசிப்பது பற்றி எழுதியிருந்தேன். அதன்பின் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இன்னொரு கேள்வியைக் கேட்டிருந்தன: "அக்கா, எங்கட வீட்டில அடிக்கடி ட்ரிப் விழுது. என்ன செய்யிறது?"

வயரிங் வேலை பழகி, வீடு வீடாகப் போய்ச் செய்பவள் என்ற முறையில் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பழுதைத் திருத்துவது பயிற்சி பெற்றவரின் வேலை. ஆனால் பழுது வீட்டின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று, ஒரு மூடியையும் கழற்றாமல் நீங்களே கண்டுபிடிக்கலாம். தனியாகப் பிள்ளைகளை வளர்க்கும் பெண்களுக்கு இது பெரிய உதவி. ஒருவர் வரும்வரை இருட்டில் காத்திருந்து, அவர் சொல்வதையெல்லாம் நம்பி, கேட்பதையெல்லாம் கொடுக்கும் நிலை இதனால் குறையும்.

ட்ரிப் ஏன் விழுகிறது? லைவ் கம்பியால் வீட்டுக்குள் போகும் மின்சாரம் அவ்வளவும் நியூட்ரல் கம்பியால் திரும்ப வேண்டும். ஈரச் சுவராலோ, மோட்டரின் இரும்புக் கூட்டாலோ, ஒரு மனித உடலாலோ கொஞ்சம் நிலத்துக்குள் இறங்கினால், திரும்பி வருவது குறைந்துவிடும். வீடுகளில் பூட்டும் ட்ரிப், அந்த வித்தியாசம் 30 மில்லி அம்பியரை எட்டுவதற்குள் விழுந்துவிடும். 60 வாற்று குண்டுக் குமிழ் ஒன்று எடுக்கும் மின்சாரத்தில் இது ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்கு. அவ்வளவு சிறிய கசிவும் ஓர் உயிரை எடுக்கக்கூடும் என்பதால்தான் இந்தக் கணக்கு.

ஆகவே, தொல்லையாக இருக்கிறது என்று ட்ரிப்பைக் கழற்றி 'டைரக்டாக' கொடுக்க ஒருபோதும் சம்மதிக்காதீர்கள்.

இனித் தேடும் முறைக்கு வருவோம். பகல் வேளையில், கை காய்ந்திருக்க, றப்பர் செருப்புப் போட்டுக்கொண்டு, பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொண்டு செய்யுங்கள். மின்பெட்டி நனைந்திருந்தாலோ, கருகிய மணம் வந்தாலோ, எதையாவது தொட்டு யாருக்காவது ஷொக் அடித்திருந்தாலோ தேட வேண்டாம். பெட்டி காய்ந்திருந்தால் மெயின் சுவிச்சை நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். பெட்டியே நனைந்திருந்தால் அதையும் தொட வேண்டாம்.

1. பெட்டியில் 'T' என்ற பொத்தானுடன் இருப்பதுதான் ட்ரிப். அதற்குப் பக்கத்தில் வரிசையாக நிற்பவை பிறேக்கர்கள். பெரும்பாலும் விளக்குகளுக்கு 6 அம்பியரும், பிளக்குகளுக்கு 16, 20 அல்லது 32 அம்பியரும் எழுதியிருக்கும். பிறேக்கர்கள் எல்லாவற்றையும் கீழே இறக்குங்கள்.

2. ட்ரிப்பை மேலே தூக்குங்கள். நின்றால், பிறேக்கர்களை ஒவ்வொன்றாகத் தூக்குங்கள். எதைத் தூக்கும்போது ட்ரிப் விழுகிறதோ, அந்தச் சுற்றில்தான் பழுது.

3. அந்த பிறேக்கரை இறக்கிவிட்டு, அந்தச் சுற்றிலுள்ள பிளக்குகள் எல்லாவற்றையும் கழற்றுங்கள். சுவிச்சை நிறுத்தினால் மட்டும் போதாது, பிளக்கை வெளியே இழுத்துவிட வேண்டும். பின்பு பிறேக்கரைத் தூக்குங்கள்.

4. ட்ரிப் விழாமல் நின்றால் வயரிங்கில் குறையில்லை என்று எண்ணலாம். ஒவ்வொரு பொருளாகப் பூட்டி, இயக்கிப் பாருங்கள். எந்தப் பொருளோடு விழுகிறதோ, அதுதான் குற்றவாளி. கேத்தல், அயன், பழைய பிரிஜ், தண்ணீர் மோட்டர் ஆகியவற்றையே முதலில் சந்தேகியுங்கள்.

5. எல்லாம் கழற்றிய பிறகும் விழுந்தால், பழுது சுவரிலோ, கூரையிலோ, நிரந்தரமாகப் பூட்டிய விளக்கிலோ இருக்கிறது. அந்த பிறேக்கரை இறக்கியபடியே விட்டு, மற்றச் சுற்றுகளைப் பாவியுங்கள்.

6. எல்லா பிறேக்கர்களும் கீழே இருக்கும்போதே ட்ரிப் நிற்காவிட்டால் குழம்ப வேண்டாம். வழமையான பிறேக்கர் லைவ் கம்பியை மட்டுமே துண்டிக்கும். நியூட்ரல் கம்பி எங்கோ எர்த்தோடு முட்டியிருந்தால் இப்படி நடக்கும். ட்ரிப்பே பழுதாகியும் இருக்கலாம். இதற்கு மீற்றர் வைத்துப் பார்க்கும் ஆள் தேவை.

ஒரு சகோதரியின் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். மழை பெய்தால் மட்டும் ட்ரிப் விழும். பார்க்க வந்த ஒருவர் ட்ரிப்பை விலக்கி நேரடியாகக் கொடுத்துவிட்டு, காசும் வாங்கிக்கொண்டு போய்விட்டார். "இப்ப ஒரு பிரச்சினையும் இல்லை அக்கா" என்று அவர் மகிழ்ச்சியாகத்தான் சொன்னார். நான் ட்ரிப்பைத் திரும்பப் பூட்டி, மேலே சொன்ன ஒழுங்கில் தேடச் சொன்னேன். பிறேக்கர்களைத் தூக்கியதும் பிளக்குகளை இழுத்ததும் அவரேதான். கால் மணித்தியாலத்தில் கிணற்று மோட்டரில் வந்து நின்றோம். மெயினை நிறுத்திவிட்டு வயர் போன வழியே நடந்தேன். வாழைக்குக் கீழே, பொலித்தீன் சுற்றிய ஒரு பொருத்து ஈர மண்ணில் கிடந்தது. மோட்டரின் எர்த் கம்பியும் எங்கோ வெட்டுப்பட்டிருந்தது. அந்தக் கிணற்றடியில்தான் அவருடைய பிள்ளைகள் இருவரும் பள்ளிக்கூடம் போக முன் முகம் கழுவுவார்கள். 'பிரச்சினை இல்லை' என்று இருந்த அந்த நாட்களில் அவர்களைக் காக்க எதுவுமே இருக்கவில்லை.

எங்கள் பகுதிகளில் இப்படியான பொருத்துகள் அதிகம். இடம்பெயர்ந்து திரும்பியபோது பல வீடுகளில் வயரே இருக்கவில்லை. கிடைத்த துண்டுகளைப் பொருத்தி வெளிச்சம் எடுத்தோம். பிறகு குசினி கட்டினோம், விறாந்தை இறக்கினோம், ஒவ்வொன்றுக்கும் பழைய வயரில் இருந்தே இழுத்தோம். அந்த நேரத்துக்கு அது தேவைப்பட்டது. இப்போது அவற்றைத் தேடிப் பார்த்து மாற்றும் காலம்.

ட்ரிப் நிற்க, பிறேக்கர் மட்டும் விழுந்தால் காரணம் வேறு. தூக்கியவுடனே விழுந்தால் லைவும் நியூட்ரலும் நேரே முட்டியிருக்கலாம். திரும்பத் திரும்பத் தூக்காதீர்கள். கொஞ்ச நேரம் ஓடிய பிறகு விழுந்தால் பாரம் கூடியிருக்கலாம். 2000 வாற்று கேத்தல், 1000 வாற்று அயன், 700 வாற்று றைஸ் குக்கர் மூன்றும் சேர்ந்தால் 16 அம்பியர் எடுக்கும். 13 அம்பியர் பிளக் ஒன்றில் நீட்டு வயர் போட்டு மூன்றையும் கொளுவினால் அது தாங்காது.

பிளக் சூடாவதும், பழுப்பு நிறமாவதும், விளக்கு மினுங்குவதும் இளகிய பொருத்தின் அடையாளம். தீப்பிடிப்பது பெரும்பாலும் இப்படியான இடத்தில்தான். அந்தப் பிளக்கைப் பாவிப்பதை அன்றே நிறுத்துங்கள்.

வீடு முழுவதும் விளக்குகள் திடீரென்று மிகையாக ஒளிர்ந்தாலோ, சில மங்கிச் சில பிரகாசித்தாலோ, உடனே மெயினை நிறுத்தி மின்சாரக் கந்தோருக்கு அறிவியுங்கள். வெளியே நியூட்ரல் அறுந்திருக்கக்கூடும்.

பழைய வீடுகளில் பீங்கான் பியூஸ் இருந்தால், எரிந்த பியூசுக்குப் பதிலாகச் செப்பு வயரை முறுக்கிப் போடாதீர்கள். எரிய வேண்டிய பியூஸ் எரியாவிட்டால் சுவருக்குள் இருக்கும் வயர்தான் எரியும்.

ஆளைக் கூப்பிடும்போது "கறண்ட் இல்லை" என்று மட்டும் சொல்லாமல், "மூன்றாவது பிறேக்கரைத் தூக்கினால் ட்ரிப் விழுகிறது, பிளக் எல்லாம் கழற்றியும் விழுகிறது, மழைக்குப் பிறகுதான் தொடங்கியது" என்று சொல்லுங்கள். வருபவருக்கு வேலை சுருங்கும். தேவையில்லாமல் முழு வீட்டுக்கும் புது வயரிங் என்று உங்களிடம் சொல்லவும் தயங்குவார். வேலை முடிந்ததும், ட்ரிப் பூட்டியபடி இருக்கிறதா என்று அவர் முன்னாலேயே 'T' பொத்தானை அழுத்திப் பாருங்கள். விழ வேண்டும். விழாவிட்டால் காசு கொடுக்க முன் காரணம் கேளுங்கள்.

இந்த மாதம் ஒரு சின்ன வேலை தருகிறேன். ஒவ்வொரு பிறேக்கரையும் இறக்கி, எந்த அறை, எந்தப் பிளக் நிற்கிறது என்று பார்த்து, ஒரு தாளில் எழுதி மின்பெட்டியின் கதவில் ஒட்டுங்கள். வளர்ந்த பிள்ளைகளுக்கும் மெயின் சுவிச்சைக் காட்டிக் கொடுங்கள். நீங்கள் வீட்டில் இல்லாத நேரத்தில் அது அவர்களுக்குத் தேவைப்படலாம்.

அடுத்த இதழில் எர்த் கம்பி பற்றியும், கிணற்று மோட்டருக்கு வயர் இழுக்கும் சரியான முறை பற்றியும் எழுதுகிறேன். உங்கள் வீட்டில் கண்டதை எழுதி அனுப்புங்கள்.