பரணில் இருக்கும் எமன்

ஆய்க்குடியில் பிசான நெல்லுக்கு அடித்தது போக மிச்சப் பூச்சிமருந்து எங்கே இருக்கிறது? பல வீடுகளில் பரணில். இல்லையென்றால் அடுப்படி மூலையில். ஊரில் அதற்கு 'மருந்து' என்றே பேர். உயிரைக் குடிக்கிற சாமானுக்கு நல்ல பேர்தான்!

புருஷன் பெண்டாட்டி சண்டை. பரீட்சையில் தோல்வி. கடன்காரன் வாசலில் நின்று கத்திவிட்டுப் போகிறான். அந்த ஆத்திரம் பல பேருக்கு ஒரு மணி நேரம்கூட நிற்பதில்லை. அந்நேரம் கைக்கு எட்டும் இடத்தில் விஷம் இருப்பதுதான் விபரீதம். ரொம்ப நாள் மனசுக்குள் புழுங்குகிறவர்களும் உண்டு. அவர்களும் அந்த நேரத்தைத் தாண்டிவிட்டால் பிழைக்க வழி இருக்கிறது.

அமெரிக்காவில் இந்த இடத்தில் துப்பாக்கி. அங்கே குண்டுக்குச் சாகிறவர்களில் பாதிக்கு மேல் தங்களையே சுட்டுக்கொண்டவர்கள். வீட்டில் துப்பாக்கி இருந்தால் ஆபத்து பல மடங்கு என்று ஆராய்ச்சிகள் சொல்கின்றன. இங்கே துப்பாக்கிக்கு லைசென்ஸ் வேண்டும். பூச்சிமருந்துக்குத் துட்டு போதும்!

இலங்கை 1995-லும் 1998-லும் கொடிய பூச்சிமருந்துகளுக்குத் தடை போட்டது. 2005-க்குள் தற்கொலை விகிதம் பாதியாகக் குறைந்தது. விளைச்சல் குறையவில்லை.

தமிழக அரசும் 2023-ல் ஆறு மருந்துகளை நிறுத்தியது. அறுபதே நாள்! 1968-ம் வருஷத்துச் சட்டப்படி மாநிலத்தின் அதிகாரம் கிட்டத்தட்ட அவ்வளவுதான். நிரந்தரத் தடை டில்லியின் கையில்.

வீட்டிலேயே பூட்டி வைத்தால் என்ன? அனுராதபுரத்தில் 180 கிராமங்களை வைத்து அதையும் பார்த்துவிட்டார்கள். வீட்டுக்கு வீடு பூட்டுப் பெட்டி கொடுத்தும் பலன் இல்லை என்று 2017-ல் முடிவு வந்தது. சாவி வீட்டில்தானே தொங்குகிறது!

ஆக, டப்பா வீட்டை விட்டே வெளியேற வேண்டும். கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் பக்கம் டாக்டர் லட்சுமி விஜயகுமார் குழு இதைச் செய்து காட்டியது. கிராமத்துக்குப் பொதுவாக ஓர் அறை, விவசாயிக்கு ஒரு பெட்டி, காவலுக்குப் பொறுப்பாளர். அங்கே மருந்து குடித்துச் சாவது குறைந்தது. சின்ன ஆராய்ச்சிதான்; ஆனாலும் நம்மூருக்குப் பொருந்தும்.

ஆய்க்குடி வட்டாரக் கூட்டுறவுச் சங்கங்கள் ஆளுக்கோர் அறை ஒதுக்கினால் என்ன குறைந்துவிடும்? மாவட்ட நிர்வாகம் அடுத்த கார் சாகுபடிக்குள் உத்தரவு போட வேண்டும். கடைக்காரர்களும் வயல் இல்லாதவனுக்கு டப்பாவை எடுத்து நீட்டக் கூடாது.

மனசு சரியில்லாதவர்கள் எந்நேரமும் 104 அல்லது 14416-க்குப் போன் செய்து பேசலாம். காசு கிடையாது.